அடிச்சவன் ஒருத்தன், கூனிக்குறுகுறது இன்னொருத்தனா? (அமெரிக்க நிறவெறி, வெட்கம், ஆறுதல்)

கேணிக்கரை | 3 மார்ச் 2024, காலை 7.12

அமெரிக்கக் கறுப்பின மக்களோட மனநலம் பத்தி வர்ற கட்டுரை எல்லாத்துலயும் ஒரே மருந்துதான் எழுதித் தர்றாங்க: மனசைத் திற, பலவீனத்தைக் காட்டு, அழு, ஆறிடும். அடிச்சவன் ஒருத்தன், வெட்கப்படுறது அடிபட்டவன், கடைசியில மனசைத் திறந்து காட்ட வேண்டியதும் அடிபட்டவனேவா? இதுக்கு ஆய்வு ஏதாவது இருக்கா, இல்ல வெறும் மேடைப் பேச்சா? தெரிஞ்சவங்க எழுதுங்க. "எல்லாம் நம்ம மனசுலதான் இருக்கு" கோஷ்டி தயவுசெஞ்சு வேற இழைக்குப் போகவும்.

ஆற்றுமணல் | 3 மார்ச், முற்பகல் 11.05

ஆய்வு இருக்கிறது, ஆனால் கட்டுரைகள் சொல்வதை அது அப்படியே சொல்வதில்லை. யார் முன்னால் திறப்பது, அதை யார் முடிவு செய்வது என்ற இரண்டையும் விட்டுவிட்டுத் "திற" என்று மட்டும் சொன்னால் அது இன்னொரு அடிதான்.

நான் எப்போதும் காட்டும் உதாரணம் மேமி டில். 1955 ஆகஸ்டில் அவருடைய 14 வயது மகன் எம்மெட், சிகாகோவிலிருந்து மிசிசிப்பியில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போனான். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் துடுக்காக நடந்துகொண்டான் என்று சொல்லி, 28ஆம் தேதி விடியுமுன் கடத்திக் கொன்று ஆற்றில் போட்டார்கள். முகம் அடையாளம் தெரியாமல் சிதைந்திருந்தது. பெட்டியை மூடி அடக்கம் செய்துவிடுவதுதான் எல்லோரும் எதிர்பார்த்தது. மேமி டில் திறந்தே வைக்கச் சொன்னார். சிகாகோவில் பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள், ஜெட் பத்திரிகை படத்தை வெளியிட்டது. வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் சுமார் ஒரு மணி நேரத்தில் விடுதலை செய்தது. அடுத்த ஜனவரியில் அதே இருவர் காசு வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

ஆக, தன் துயரத்தை உலகத்துக்குத் திறந்து காட்டியது அந்தத் தாய்தான். ஆனால் எங்கே, எப்போது, யாருக்கு என்ற முடிவு முழுக்க அவர் கையில் இருந்தது. வெட்கம் அந்த வீட்டை விட்டு வெளியேறி, போக வேண்டிய இடத்துக்குப் போனது. கேணிக்கரையின் கேள்விக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. மீதியெல்லாம் செய்முறை.

பனங்கிழங்கு | 3 மார்ச், பிற்பகல் 1.30

பொம்மைச் சோதனையை மறந்துட்டீங்களே. கறுப்புக் குழந்தைகளுக்குச் சுயமதிப்பே கிடையாதுன்னு 1940கள்லயே நிரூபிச்சாச்சு. அப்புறம் எந்த முடிவு யார் கையில இருந்து என்ன?

ஆற்றுமணல் | 3 மார்ச், இரவு 9.48

அந்தச் சோதனையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், எண்களைப் பார்ப்பவர்கள் குறைவு.

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி செய்தது. நிறத்தையும் முடியையும் தவிர எல்லாம் ஒன்றுபோல இருந்த நான்கு பொம்மைகள்: இரண்டு பழுப்பு, இரண்டு வெள்ளை. 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகள். "விளையாட எது வேண்டும்" என்றபோது 67% வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். "எது மோசமாகத் தெரிகிறது" என்றபோது 59% பழுப்பைக் காட்டினார்கள். "எது உன்னைப்போல் இருக்கிறது" என்ற கேள்வியைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். அதில்தான் சில குழந்தைகள் உடைந்து அழுதார்கள், இரண்டு பேர் அறையை விட்டே ஓடினார்கள்.

இப்போது கவனியுங்கள். வெள்ளைப் பொம்மையை விரும்பியது, கறுப்பினத்தவருக்கு மட்டுமான பள்ளியில் படித்த தெற்குக் குழந்தைகளைவிட (62%) இரு இனத்தவரும் சேர்ந்து படிக்கும் கலப்புப் பள்ளியில் படித்த வடக்குக் குழந்தைகளில்தான் (72%) அதிகம். அழுகையும் வடக்கில்தான் அதிகம். 1954 பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பள்ளிப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள், அதன் 11ஆம் அடிக்குறிப்பில் கிளார்க்கின் பெயர் வருகிறது. தீர்ப்பு சரிதான். ஆனால் தீர்ப்புக்குப் பிறகு நடந்த பள்ளி இணைப்பில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். 1954-65 காலத்தில் 17 மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள். "நீ கெட்டிக்காரி" என்று சொல்லிக்கொண்டிருந்த ஆளை அனுப்பிவிட்டு, வெறுப்போடு பார்க்கும் வகுப்பில் குழந்தையை உட்காரவைத்தார்கள்.

சுயமதிப்பு விஷயம்: 1989இல் உளவியலாளர்கள் ஜெனிஃபர் கிராக்கரும் பிரெண்டா மேஜரும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசினார்கள். இழிவுபடுத்தப்படும் கூட்டத்தாருக்குச் சுயமதிப்பு பொதுவாகக் குறைந்திருக்கவில்லை. அவர்கள் சொன்ன முக்கியக் காரணம், "இது என் குறை அல்ல, அவன் வெறுப்பு" என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம். பொம்மையில் எது பிடிக்கும் என்பதும் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பதும் வேறு வேறு அளவுகோல்கள்.

பனங்கிழங்கு | 3 மார்ச், இரவு 10.02

சரி சாமி, பொம்மையை உள்ள வச்சுட்டேன்.

கேணிக்கரை | 4 மார்ச், காலை 6.55

"அவன் வெறுப்பு"ன்னு தள்ளிவிட்டா வேலை முடிஞ்சுதா? அப்ப எதுக்கு இத்தனை பேருக்கு ரத்தக்கொதிப்பு?

ஆற்றுமணல் | 4 மார்ச், பிற்பகல் 12.20

முடியவில்லை. நேற்றுப் பாதியைத்தான் எழுதினேன்.

கிராக்கர் குழு 1991இல் ஒரு சோதனை வைத்தது. கறுப்பின மாணவர்களைப் பக்கத்து அறையில் ஒரு வெள்ளை மாணவர் மதிப்பிடுவதாக ஏற்பாடு. ஜன்னல் திரை திறந்திருந்தால் மதிப்பிடுபவருக்கு இவர் நிறம் தெரியும், மூடியிருந்தால் தெரியாது. திரை திறந்திருந்தபோது வந்த மோசமான மதிப்பீடு மனதை அவ்வளவாக உரசவில்லை, காரணத்தை வெளியே வைக்க முடிந்தது. ஆனால் திரை திறந்திருந்தபோது கிடைத்த பாராட்டு சுயமதிப்பைக் குறைத்தது. உண்மையிலேயே பாராட்டுகிறானா, பரிதாபமா, பயமா? கவசம் வசவை மட்டுமல்ல, நல்ல சொல்லையும் தடுத்துவிடுகிறது.

இரண்டாவது, நிச்சயமின்மை. 2007இல் சால்வடோரும் ஷெல்டனும் செய்த சோதனையில், அப்பட்டமான நிறவெறியைப் பார்த்தபிறகு அல்ல, "இது நிறவெறிதானா?" என்று தெளிவில்லாத ஒன்றைப் பார்த்தபிறகுதான் கறுப்பினப் பங்கேற்பாளர்களின் கவனம் அதிகம் சிதறியது. வெள்ளையர்களுக்கு நேர்மாறு. நேரடியாகத் திட்டிவிட்டால் பெயர் வைத்து மூட்டை கட்டிவிடலாம். நேர்காணலில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ராத்திரி முழுக்க வழக்கு நடத்த வேண்டியிருக்கிறது. வாதி, பிரதிவாதி, நீதிபதி எல்லாம் ஒரே ஆள்.

ரத்தக்கொதிப்புக்கு: ஷெர்மன் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர், வட கரோலினா. ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற முன்னாள் குத்தகை விவசாயியைச் சந்தித்ததில் தொடங்கிய ஆய்வு. மார்ட்டின் 1907இல் பிறந்தவர், ராப்பகலாக உழைத்து 40 வயதுக்குள் 75 ஏக்கர் சொந்தமாக்கியவர். ஐம்பதுகளில் ரத்தக்கொதிப்பு, மூட்டுவாதம், வயிற்றுப் புண். வயிற்றில் 40% வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஜேம்ஸ் 12 வாசகங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். "என்ன தடை வந்தாலும் முட்டி மோதி முடிப்பேன்" என்ற குணம் அதிகமாகவும் கையில் வசதி குறைவாகவும் இருப்பவர்களிடம் ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னேறியவரை மேடையேற்றி மாலை போடுகிறோம், அவர் பிரஷர் மாத்திரையை யாரும் எண்ணுவதில்லை.

ஏலக்காய் | 4 மார்ச், இரவு 8.15

பெண்கள் பக்கம் இதையே 2010இல் ஷெரில் வுட்ஸ் ஜிஸ்கோம்பே என்ற ஆய்வாளர் ஐந்து கூறாகப் பிரித்தார்: வலிமையாகத் தெரிந்தே ஆக வேண்டும், உணர்ச்சியை அடக்க வேண்டும், யாரையும் சார்ந்திருக்கவோ மனம் தளர்ந்ததைக் காட்டவோ கூடாது, வசதி இல்லாவிட்டாலும் ஜெயிக்க வேண்டும், மற்றவர்களைத் தாங்க வேண்டும். மூன்றாவதைப் பார்த்து "திமிர்" என்பவர்களுக்கு: அது தற்காப்பு. மனம் தளர்ந்த கறுப்பினத் தாயைப் பார்த்தால் அரசு அலுவலர் பிள்ளைகளைப் பிரித்துவிடுவாரோ என்ற பயம் அங்கே கற்பனை இல்லை. ஆகவே "வலிமையை விடு" என்று தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும். "எதைத் தாங்குகிறீர்கள், அதில் எதை வேறு யாராவது இந்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்" என்று தொடங்கினால் பேச்சு வரும். சமையலா, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விடுவதா, மாமியாரின் மருந்துச் சீட்டா என்று பொருளாகக் கேட்க வேண்டும்.

கேணிக்கரை | 5 மார்ச், காலை 7.30

செய்முறைன்னு சொன்னீங்களே. சம்பவம் நடந்த அன்னைக்கு என்ன பண்றது? குழந்தைக்கும் சேத்து.

ஆற்றுமணல் | 5 மார்ச், இரவு 10.10

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் ஸ்டீவன்சன் சொல்லித்தரும் ஐந்து படிகள். முழுக்கச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

கணக்கிடு: என்ன உணர்ச்சி, 1 முதல் 10 வரை எத்தனை? "மோசமா இருக்கு" போதாது. "கோபம் 8, வெட்கம் 6."
இடம் பார்: உடம்பில் எங்கே? தாடையா, அடிவயிறா, கழுத்தின் எந்தப் பக்கம்?
சொல்: மனதுக்குள் என்ன வாக்கியம் ஓடுகிறது, என்ன படம் தெரிகிறது?
மூச்சை உள்ளே இழு.
மெதுவாக விடு.

எங்கே கெடுகிறது என்றால், முதல் மூன்றையும் தாண்டி மூச்சுக்கு ஓடுவதில். மூச்சு மட்டும் விட்டால் உடம்பு அடங்கும், "நான் லாயக்கில்லாதவள்" என்ற வாக்கியம் உள்ளேயே தங்கிவிடும். மூன்றாம் படியில் அந்த வாக்கியத்தை வெளியே இழுத்தால்தான் அது அவன் சொன்னதா, நாமே சேர்த்ததா என்று பிரிக்க முடியும்.

இன்னொரு தவறு, நெருப்பில் நிற்கும்போது முதல்முறையாகச் செய்து பார்ப்பது. எண் 9இல் இருக்கும்போது புதிதாக எதுவும் மண்டையில் ஏறாது. ஸ்டீவன்சன் நடித்துப் பழகச் சொல்கிறார்: ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர். ஒரே காட்சியைப் பலமுறை, ஒவ்வொரு முறையும் எண்ணைக் கேட்டுக்கொண்டே. எண் 4க்கு இறங்கினால்தான் வாயில் சொல் வரும்.

குழந்தைக்கு: முதலில் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி பழியைக் குழந்தையின் பக்கம் நகர்த்திவிடும். "என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், டீச்சர் எங்கே இருந்தார்?" என்று வரிசையாகக் கேளுங்கள். "அதைக் கண்டுக்காதே" என்பதும் வேண்டாம், வெட்கத்தை ரகசியமாக்குவது அதுதான். கேட்டதை அன்றே தேதி, நேரம், சொன்ன சொல் அப்படியே எழுதிப் பள்ளிக்கு மின்னஞ்சலில் அனுப்பவும். வாய்மொழிப் புகாருக்குத் தடயம் இருக்காது.

நீண்ட நாளுக்கு என்றால், டயான் ஹியூஸ் குழு 2006இல் பெற்றோர் பேசும் விதங்களை நான்காகப் பிரித்தது: நம் மரபைப் பற்றிச் சொல்வது, பாகுபாட்டுக்குத் தயார்ப்படுத்துவது, யாரையும் நம்பாதே என்பது, எல்லோரும் சமம் என்பது. முதலாவதுக்குத்தான் தெளிவான நல்ல பலன் தெரிகிறது. இரண்டாவது அவசியம், ஆனால் அதை மட்டுமே ஊட்டினால் பிள்ளை எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே திரியும்.

பனங்கிழங்கு | 5 மார்ச், இரவு 10.31

நம்ம ஊர்ல "நீ என்ன பண்ணின?"தான் வணக்கமே.

ஆற்றுமணல் | 6 மார்ச், காலை 8.40

நேற்றையதோடு ஒன்று. காவலர் வண்டியை நிறுத்தும் சூழலுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே மனம் திறக்க இடமே இல்லை. கறுப்பினப் பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாடம் வேறு: இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், இரவானால் உள்விளக்கைப் போடு, கையை நகர்த்துமுன் "உரிமம் எடுக்கப் போகிறேன், வலது பாக்கெட்டில் இருக்கிறது" என்று சொல், திடீரென்று குனியாதே, வாதம் செய்யாதே.

இதெல்லாம் உயிரைக் காக்கும். ஆனால் செய்து முடித்து வீட்டுக்கு வரும் பையனுக்குள் "நான் குனிந்தேன்" என்ற வெட்கம் உட்கார்ந்துவிடுகிறது, பாடத்தின் இந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலான வீடுகள் நடத்துவதில்லை. வந்த இரவே உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்: அங்கே உன் வேலை வீடு திரும்புவது, நீ அதைச் செய்துவிட்டாய், வாதம் வழக்கறிஞரோடு நாளைக்கு. அப்புறம் காவலர் பெயர், பேட்ஜ் எண், இடம், நேரம் எழுதிக்கொள்ள வேண்டும். பணிந்தது ஒரு உத்தி என்று பெரியவர் வாயால் கேட்காத பிள்ளை அதைத் தன் குணம் என்று எடுத்துக்கொள்கிறது.

கேணிக்கரை | 6 மார்ச், பிற்பகல் 2.05

காவலர் கொலை வீடியோ பாக்குறது? விழிப்புணர்வுன்னு பகிர்றாங்களே.

ஏலக்காய் | 6 மார்ச், மாலை 6.50

2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு: ஆயுதமில்லாத கறுப்பினத்தவர் ஒருவரைக் காவலர் கொன்றால், அந்த மாநிலத்தின் மற்றக் கறுப்பின மக்களுக்கு அடுத்த மூன்று மாதங்களில் மனநலம் கெட்ட நாட்கள் மாதத்துக்குச் சராசரியாக 0.14 கூடுகின்றன. சிறியதாகத் தெரியும், லட்சக்கணக்கான பேரால் பெருக்கிப் பாருங்கள். வெள்ளையர்களிடம் இந்த மாற்றம் இல்லை. இது செய்தி தெரிவதன் விளைவு, வீடியோ கணக்கு தனி. மேமி டில் முடிவு செய்து காட்டினார். கைபேசியில் தானாக ஓடும் வீடியோவை யாரும் உங்களிடம் கேட்டு ஓட்டுவதில்லை. செயலியின் அமைப்பில் தானோட்டத்தை நிறுத்துங்கள். செய்தியை எழுத்தில் படியுங்கள். பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் முதல் வரியில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

கத்தரிப்பூ | 7 மார்ச், காலை 9.15

வெட்கம்னா மனசு மட்டும்னு பேசிட்டிருக்கீங்க, தலையைப் பத்தி யாரும் எழுதலையே. கறுப்பினப் பெண்களுக்கு அது உச்சந்தலையில தொடங்குது.

சுருள்முடியை நேராக்குற ரிலாக்ஸர்ல இருக்கிறது சோடியம் ஹைட்ராக்சைடு, இல்லாட்டி கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடினும். அதோட pH அளவு 12க்கு மேல, அதாவது கடும் காரம். 6-8 வாரத்துக்கு ஒருமுறை வேர்ல வளர்ந்த புது முடிக்கு மட்டும் போடணும், பழையதுமேல திரும்பப் பட்டா ஒடியும். உச்சந்தலை வெந்துபோறது சகஜம். 2022ல அமெரிக்காவுல 33,000க்கு மேற்பட்ட பெண்களை வச்சுச் செஞ்ச ஆய்வுல, முடி நேராக்குற பொருள் பயன்படுத்தாதவங்களுக்கு 70 வயசுக்குள்ள கருப்பைப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு 1.64%, வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல பயன்படுத்தினவங்களுக்கு 4.05%னு கணக்கிட்டாங்க. தொடர்பு தெரியுது, எந்த ரசாயனம்னு இன்னும் பிரிக்கல.

விட நினைக்கிறவங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, மொத்தமா வெட்டிடறது. இன்னொண்ணு, வளரவிட்டு நுனியைக் கொஞ்சம் கொஞ்சமா கத்தரிக்கிறது. முடி மாசத்துக்குச் சுமார் 1.25 செ.மீ. வளரும், அதனால ஆறு மாசத்துல 7-8 செ.மீ. ரெண்டாவது வழியில சிக்கல் எங்கன்னா, சுருளும் நேரும் சந்திக்கிற கோட்டுல. அதுதான் ரொம்பப் பலவீனமான இடம், காஞ்ச தலையில சீப்பு போட்டா அங்கதான் உடையும். கண்டிஷனர் தடவி ஈரமா, அகலப் பல் சீப்பால நுனியிலிருந்து மேல நோக்கிச் சிக்கெடுக்கணும். பின்னல் போட்டா 6-8 வாரத்துல அவிழ்க்கணும். பின்னின ராத்திரி வலி மாத்திரை தேவைப்பட்டா, நெத்தி ஓரத்துல கொப்புளம் வந்தா, ரொம்ப இறுக்கம்னு அர்த்தம். விட்டா அந்த ஓர முடி நிரந்தரமாப் போயிடும்.

முதல் ரெண்டு மாசம்தான் கஷ்டம். கண்ணாடியைவிட ஆபீஸ் பெரிய பிரச்சினை. கலிஃபோர்னியா 2019 ஜூலையில முடி வகையை வச்சு வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக் கூடாதுன்னு கிரௌன் சட்டம் போட்டுச்சு, இப்ப 20 மாநிலத்துக்கு மேல இருக்கு. நாடு முழுக்க இல்ல. 2022ல அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில நிறைவேறி மேலவையில நின்னுபோச்சு. அதனால வெட்டுறதுக்கு முன்னாடி நீங்க இருக்கிற மாநிலத்துல சட்டம் இருக்கான்னு பாத்துடுங்க. தைரியம் ரெண்டாவது.

பனங்கிழங்கு | 7 மார்ச், காலை 9.40

இழை இப்ப கேணிக்கரையோட கேள்வியைவிட நீளமா வளந்துடுச்சு. நுனியைக் கத்தரிக்கலாமா? சரி, நம்ம ஊர்ச் சாதியை இதோட ஒப்பிடலாமான்னு ஒண்ணு கேக்கணும்.

மட்டுறுத்துநர் | 7 மார்ச், காலை 9.52

கேட்கலாம், தனி இழையில். அங்கே இருபது பேர் ஏற்கனவே சண்டையில் இருக்கிறார்கள்.

ஆற்றுமணல் | 8 மார்ச், இரவு 9.30

ஆலோசகரிடம் போக நினைப்பவர்களுக்கு. 2015 கணக்குப்படி அமெரிக்க உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் 4% மட்டுமே, ஆகவே வேற்றினத்தவரிடம் உட்கார நேரும். மருத்துவ உலகத்தின்மேல் அவநம்பிக்கைக்கும் காரணம் உண்டு: அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் வந்தபிறகும் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது அரசின் பொதுச் சுகாதாரத் துறை.

முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள்: நிறவெறியால் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, அதை நீங்கள் பேச்சில் எடுப்பீர்களா, நான் எடுக்கும்வரை காத்திருப்பீர்களா, வருமானத்துக்கேற்ற கட்டணம் உண்டா? "எனக்கு நிறமே தெரியாது" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடலாம். இரண்டாம் சந்திப்பிலும் "அவர் அப்படி நினைத்திருக்க மாட்டாரோ?" என்றே கேட்டுக்கொண்டிருந்தால் மாற்றுங்கள், அந்த வழக்கை நீங்கள் ராத்திரியே நடத்தி முடித்தாயிற்று.

காகிதச் சிக்கல் ஒன்று. மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு) என்று எழுத, மரணம், கடும் காயம், பாலியல் வன்முறை, இவற்றில் ஒன்றோ அதன் அச்சுறுத்தலோ நேர்ந்திருக்க வேண்டும். வருடக்கணக்கான அவமதிப்பு அதில் அடங்காது. உளவியலாளர் ராபர்ட் கார்ட்டர் 2007இல் இதைத் தனியாக, இனரீதியான காயம் என்றே பார்க்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். காப்பீட்டுக்காக நோய்ப் பெயர் என்னவாக எழுதப்படும் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கேணிக்கரை | 9 மார்ச், காலை 7.05

ஆலோசகருக்குக் காசு இல்லாதவங்க?

ஆற்றுமணல் | 9 மார்ச், காலை 10.25

எழுதலாம். 1986இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் வெளியிட்ட முறை: தொடர்ந்து நான்கு நாட்கள், தினம் 15 நிமிடம், நிறுத்தாமல், எழுத்துப்பிழை பார்க்காமல். நடந்ததை மட்டும் எழுதினால் பலன் குறைவு, உணர்ந்ததையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனக்கும், சில மணி நேரம் அப்படித்தான் இருக்கும், அதனால் தூங்கப் போகுமுன் வேண்டாம். சம்பவம் நடந்து சில வாரமாவது ஆகட்டும். எழுத எழுத உடைந்துபோவதுபோல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, கிழித்தும் போடலாம்.

நாலாம் நாளும் அதே வாக்கியத்தைத்தான் எழுதுகிறீர்கள் என்றால் அது எழுத்து அல்ல, சுழல். அப்போது ஆள் வேண்டும். கறுப்பின உளவியலாளர்களும் சமூகக் குழுக்களும் சிறு வட்டங்களாக உட்கார்ந்து பேசும் கூட்டங்களை நடத்துகிறார்கள், தேவாலய அறைகளிலும் நூலகங்களிலும். வட்டத்தில் முதல்நாள் வாய் திறக்காமல் இருப்பதும் செல்லும்.

ஏலக்காய் | 9 மார்ச், காலை 10.41

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: தற்கொலை எண்ணம் வந்தால் 988. 2022 ஜூலை முதல் நாடு முழுக்க, 24 மணி நேரமும். பேச முடியாத இடத்தில் இருந்தால் அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் போகும்.